கழுத்துத் திறந்த ஸ்வெட்டர்

கொய்-சு,
3 நவம்பர் 1973

அலிமாவின் அப்பாவுக்கு,

மேலே உங்கள் நிலையத்துக்குக் கிளம்புமுன் துய்ஷோ அண்ணன் வாசலில் குதிரைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது முடிவதற்குள் எழுதித் தரச் சொன்னார். அதனால் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அவரைத் திட்டுங்கள்.

மூட்டையில் பழுப்பு ஸ்வெட்டர், நாலு ஜோடிக் காலுறை, முழங்கால் உறை இரண்டு, எல்லாம் துவைத்து வைத்திருக்கிறேன். பழுப்பின் அக்குளில் ஒரு ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டேன். மடிப்புக்கு நடுவில் கசப்புப் புல் வைத்திருக்கிறேன். போன தடவை மாதிரி குப்பை என்று நினைத்து உதறிவிடாதீர்கள். இவ்வளவு உயரத்தில் பூச்சி வராது என்று நீங்கள் சொல்கிறீர்கள், அந்துப்பூச்சிக்கு உயரம் தெரியுமா என்ன?

வழக்கம்போல மூட்டையைப் பிரித்ததும் வீடு முழுக்கப் புகையிலை நாற்றம். மூன்று தண்ணீர் மாற்றியும் போகவில்லை. ஒன்பது வருஷமாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இனிமேல் சொல்வதாக இல்லை. ஆனாலும் விட்டுவிட்டால் நல்லது.

உங்கள் வயர்லெஸ் அறைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாளாமே. நான் கேட்கவில்லை, துய்ஷோ அண்ணன்தான் டீ குடித்துக்கொண்டே சொன்னார். "ஸோயான்னு பேரும்மா. ரொம்பக் கலகலப்பு. கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, எந்நேரமும் ஊசியும் நூலும்தான். உன் வீட்டுக்காரரைப் பேர் சொல்லித்தான் கூப்புடுது, என்னமோ கூடப் பொறந்த மாதிரி." ஒன்பது வருஷமாக நான் வாயில் எடுக்காத பெயர். வந்து ஒரு மாதம் ஆகாதவள் வாயில் அது புரள்கிறது. ரஷ்யர்கள் வழக்கம் அப்படித்தான், எனக்கும் தெரியும். சும்மா எழுதினேன்.

குளிர் வந்ததிலிருந்து என் கழுத்துத் தழும்பு அரிக்கிறது. கழலையை வெட்டி மூன்று வருஷமாகியும் தொண்டையில் ஒரு துணி பட்டால் மூச்சு முட்டுகிறது. சால்வை சுற்றமாட்டேன் என்கிறேன் என்று அத்தை தினமும் திட்டுகிறார்.

ஜூனோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. அலிமா சுவரில் கரிக்கோடு போட்டு மாதங்களை அடித்துக்கொண்டிருக்கிறாள். நானும் அவளுக்குத் தெரியாமல் எண்ணுகிறேன்.

அலிமாவின் அம்மா


வானிலை நிலையம், கணவாய்,
8 நவம்பர் 1973

கனிஷாய்க்கு,

மூட்டை வந்தது. இங்கே எல்லாம் நலம். மூன்று நாளாகக் காற்று, கருவிப் பெட்டியைக் கயிறு கட்டி வைத்திருக்கிறோம்.

அழுக்குத் துணி இந்த முறை குறைவு. கறுப்பு ஸ்வெட்டரைத் துவைத்தாகிவிட்டது. முழங்கை பிய்ந்திருக்கிறது, அதை மட்டும் தைத்துவிடு.

இன்னொன்று கேட்கிறேன்: ஒரு ஸ்வெட்டர் துவைக்க வேண்டுமானால் தண்ணீர் எவ்வளவு சூடு இருக்க வேண்டும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அலிமாவுக்கு ஒரு கழுகு இறகு வைத்திருக்கிறேன். துய்ஷோ அவசரப்படுத்துகிறான்.

எசென்


கொய்-சு,
6 டிசம்பர் 1973

அலிமாவின் அப்பாவுக்கு,

துவைத்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். "துவைத்தேன்" என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

கறுப்பு ஸ்வெட்டரை மடியில் போட்டு அரை நாள் பார்த்தேன். நீங்கள் துவைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கயிறு மாதிரி முறுக்கிப் பிழிந்து, கழுத்தைப் பிடித்து ஆணியில் மாட்டி, காய்ந்ததும் தோளில் இரண்டு கொம்பு முளைத்திருக்கும். இதில் கொம்பும் இல்லை, முறுக்கலும் இல்லை. படுக்க வைத்துக் காய வைத்திருக்கிறது. கை இரண்டையும் மார்மேல் மடித்து, தூங்குகிற குழந்தையை மடித்த மாதிரி. யாரோ அக்கறையாகச் செய்த வேலை.

அப்புறம் முகர்ந்து பார்த்தேன். கடுகு. இந்த ஊரில் துணிக்கு யாரும் கடுகு போடுவதில்லை. எனக்குக் கழலை வெட்டிய ஆஸ்பத்திரியில் ரஷ்ய நர்சுகள்தான் கம்பளித் துணியைக் கடுகுப்பொடி கரைத்த தண்ணீரில் அலசுவார்கள். அப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது இப்போது இதற்கு உதவும் என்று நினைக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. புகையிலை நாற்றம் இல்லை. துளிகூட இல்லை. அக்குளில் முகர்ந்தேன், கைமடிப்பில் முகர்ந்தேன். அத்தை பார்த்துவிட்டு, "என்னடி நாய் மாதிரி மோந்து பாத்துக்கிட்டு இருக்க?" என்றார். நான் ஒன்பது வருஷம் அழுதும் கெஞ்சியும் விடாததை, அவள் வந்த ஒரே மாதத்தில் விட்டுவிட்டீர்களா? அவளுக்குப் புகை பிடிக்காதோ? எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கத் தெரியவில்லை.

தண்ணீர்ச் சூடு கேட்டிருக்கிறீர்கள். யாருக்குச் சொல்லித் தர? கேட்டவர் நீங்கள் என்பதால் சொல்கிறேன். முழங்கையை விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. சோப்பை முதலில் சீவிக் கரைத்துக்கொள்ள வேண்டும். தேய்க்கக் கூடாது, அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். அலசுகிற தண்ணீரும் அதே சூடுதான். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தினால் போதும். அடுப்பைவிட்டுத் தள்ளி, தரையில் விரித்துப் போடுங்கள். இதையெல்லாம் அவளுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை என்று கறுப்பு ஸ்வெட்டரே சொல்கிறது.

அலிமாவின் அம்மா


வானிலை நிலையம், கணவாய்,
11 பிப்ரவரி 1974

கனிஷாய்க்கு,

நீ டிசம்பரில் எழுதியது நேற்றுதான் கைக்கு வந்தது. கணவாய் அடைத்துப்போனதால் துய்ஷோ பாதி வழியில் திரும்பிவிட்டானாம். இரண்டு மாதம் உன் கடிதத்துக்குக் காத்திருந்தேன். இப்படி ஒரு கடிதத்துக்கா என்று இருந்தது.

கறுப்பைத் துவைத்தது நான்தான். கடுகுப்பொடி ஸோயா கொடுத்தாள், எப்படிக் கரைப்பது என்றும் சொன்னாள். அவ்வளவுதான். புகையிலையை விட்டது அக்டோபர் கடைசியில். யாருக்கும் பிடிக்காததால் இல்லை. விட்டதற்குச் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்து வழக்குப் போடுவாய் என்று யார் கண்டது?

மூட்டையின் அடியில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன். புதியது. வீட்டில் நூற்ற நூல், ஆட்டின் எண்ணெய்ப்பசை இன்னும் போகவில்லை. முதல் துவையல் உன் கையால் நடக்கட்டும், எனக்குத் துணிச்சல் இல்லை. பதமாகத் துவைத்து, அங்கேயே வைத்துக்கொள். யார் பின்னியது என்று இப்போது கேட்காதே. நேரில் சொல்கிறேன். எழுதினால் சரியாக வராது.

இன்னொன்று. நிலையத் தலைவர் என்னை மேலும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார். ஒப்பந்தத் தாள் வந்துவிட்டது, ஜூன் முதல் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எசென்


கொய்-சு,
9 மார்ச் 1974

அலிமாவின் அப்பாவுக்கு,

அந்தச் சாம்பல் ஸ்வெட்டரைத் துவைத்துவிட்டேன். அங்கேயே வைத்துக்கொள் என்று எழுதியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், என் பெட்டியில் இடம் இல்லை. திருப்பி அனுப்புகிறேன்.

தண்ணீர் கொஞ்சம் சூடாகிவிட்டது போலிருக்கிறது. கவனிக்கவில்லை. ஸ்வெட்டர் கொஞ்சம் சுருங்கிவிட்டது. எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் தெரியும்.

பின்னியவளிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். அதோடு நாலு வார்த்தை சேர்த்தும் சொல்லுங்கள். பனிக்காற்றில் கருவி பார்க்கப் போகிற ஆணுக்கு யாராவது கழுத்தை இப்படித் திறந்து பின்னுவார்களா? தொண்டை முழுக்க வெளியே தெரிகிறது, அதற்குப் பொத்தான் வேறு, அலங்காரமாக மூன்று. ஒரு கை இன்னொன்றைவிட ஒரு விரல் நீளம். துவைக்கும் முன்பே தோளை என் கையால் அளந்தேன், எனக்கு மூன்று சாண்கூட வரவில்லை. உங்கள் தோள் அளவு அவளுக்குத் தெரியவில்லை என்பதில் மட்டும் எனக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் அன்று சாப்பிட்டேன்.

துய்ஷோ அண்ணனைக் கேட்டேன். "நூலு நான்தாம்மா அட்-பாஷி சந்தைல வாங்கிக் குடுத்தேன். யாருக்குன்னு உன் வீட்டுக்காரர் சொல்லல. அங்க ஊசி புடிக்கிற ஆளு வேற யாரு இருக்கா, அந்த ஸோயாப் பொண்ணைத் தவிர?" என்றார். நூல் வாங்கி வரச் சொன்னதும் நீங்கள். அவள் உட்கார்ந்து பின்னப் பின்ன எதிரில் உட்கார்ந்து பார்த்ததும் நீங்கள்தானே? பனி அடைத்த இரண்டு மாதமும் நல்ல பொழுதுபோக்கு.

இன்னும் இரண்டு வருஷமா? போடுங்கள் கையெழுத்து. சுவரில் இருக்கும் கோட்டை அழிக்கச் சொல்லி அலிமாவிடம் நான் சொல்லமாட்டேன். நீங்களே எழுதுங்கள்.

அலிமாவின் அம்மா


வானிலை நிலையம், கணவாய்,
14 மார்ச் 1974

அலிமாவின் அம்மாவுக்கு,

மேஜைமேல் உன் ஸ்வெட்டர் இருக்கிறது. தலைவர் பார்த்துவிட்டு, "என்னப்பா, டீ ஆறாம இருக்கக் கெட்டிலுக்குக் குல்லாவா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை.

தண்ணீர் கொஞ்சம் சூடாகிவிட்டதாம். ஏழு வயதிலிருந்து கியிஸ் விரிப்பு செய்கிறவள் நீ. கம்பளி மயிரைப் பரப்பி, வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டு, மண்டியிட்டு முழங்கையால் உருட்டி உருட்டி அதை இறுக வைக்க இந்தப் பள்ளத்தாக்கில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. எந்தச் சூட்டில் கம்பளி சுருங்கும் என்று உனக்கா தெரியாது? தவறுதலாகச் சுருங்கிய ஸ்வெட்டரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் தொங்கும். இது நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. கை இரண்டும் இப்போது ஒரே நீளம். ஒரு பின்னல் கண்ணிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. முதலில் இந்தப் பக்கம், பிறகு திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் என்று உருட்டியிருக்கிறாய். உனக்குக் கெட்ட வேலைகூட மோசமாகச் செய்ய வரவில்லை.

சரி. நேரில் சொல்ல நினைத்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

அதைப் பின்னியது நான்.

புகையிலையை விட்ட முதல் வாரம் என் கைகள் எனக்குக் கட்டுப்படவில்லை. பேனா பிடித்தால் நடுங்கியது, கருவியைத் தொட்டால் நடுங்கியது. கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால்தான் ஆகும் என்று ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் பின்னியதையெல்லாம் பிரித்தேன். பிறகு மெதுவாக வந்தது. மீசை வைத்த ஆள் நூல்கண்டோடு உட்கார்ந்திருந்தான் என்று துய்ஷோவுக்குத் தெரிந்தால் ஊரில் நான் தலைகாட்ட முடியுமா? அதனால்தான் அவனிடமும் சொல்லவில்லை, உனக்கும் எழுதவில்லை.

அது எனக்கு இல்லை, உனக்கு. துவைத்து அங்கேயே வைத்துக்கொள் என்றால் வேறு என்ன அர்த்தம்? அளவு எடுக்க நீ பக்கத்தில் இல்லை. என் நினைவில் உன் தோள் என் கையால் இரண்டு சாண், ஒரு விரல். அதை வைத்துத்தான் கண்ணி எண்ணினேன். கழுத்தைத் திறந்து விட்டது எனக்குக் குளிர் தெரியாததால் இல்லை. தொண்டையில் துணி பட்டால் உனக்கு மூச்சு முட்டுகிறது. பொத்தான் மூன்றும் அலங்காரத்துக்கு இல்லை. தழும்பு உரசாமல் தலையை நுழைத்துப் போட்டுக்கொள்ளத்தான். அந்தக் கழுத்தை நாலு தடவை பிரித்துப் பின்னினேன்.

நீ ஒரு தடவைகூட அதை உன்மேல் வைத்துப் பார்க்கவில்லை.

இதைத் திருப்பி அனுப்புகிறேன். இப்போது இது உன் வேலை, நீயே வைத்துக்கொள். துய்ஷோவிடம் கொஞ்சம் புகையிலை வாங்கிச் சுருட்டி வைத்திருக்கிறேன். இன்னும் பற்ற வைக்கவில்லை. ஒப்பந்தத் தாளும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவள் என்னை இவ்வளவுதான் நம்புகிறாள் என்றால், கீழே வந்து நான் என்ன செய்யப்போகிறேன்?

எசென்


கொய்-சு,
12 ஏப்ரல் 1974

அலிமாவின் அப்பாவுக்கு,

தவறுதலாக இல்லை. வேண்டுமென்றுதான் செய்தேன்.

அத்தை பெயர்சூட்டு விருந்துக்குப் போயிருந்தார், அலிமா பள்ளிக்கூடத்தில். மூன்று கெட்டில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். முதலில் பதமாகத் துவைக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. முழங்கையை விட்டுக்கூடப் பார்த்தேன். அப்போது அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது. எவ்வளவு ஆசையாக வைத்துத் தைத்திருக்கிறாள் பாவி என்று தோன்றியதும் என் கையை என்னால் நிறுத்த முடியவில்லை. நாணல் பாயில் சுருட்டி, மண்டியிட்டு, விரிப்புக்கு உருட்டுகிற மாதிரியே உருட்டினேன். ஒவ்வொரு உருட்டலுக்கும் அவள் பெயரைச் சொன்னேன். முடித்தபோது மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அது யாருடைய கைவேலை என்று இப்போது தெரிந்த பிறகு இதை எழுதவே கை கூசுகிறது.

உங்கள் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் வராது, அதற்கு நான் பொறுப்பு. அத்தை முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "அவனா? ஊசில நூலு கோக்கத் தெரியாத பயலாச்சே!" என்றார். அப்புறம் சுருங்கிய ஸ்வெட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "ஏண்டி, இதை ஒரு தடவை உன் தோள்ல வச்சுப் பாத்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவை?" என்று கேட்டார். உங்களுக்கு இத்தனை ஆசை இருக்கும், அதுவும் என்மேல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை. உங்களை நம்பாமல் போனதைவிட என்னைத்தான் நான் நம்பவில்லை.

ஒரு தடவை இறுகிய கம்பளி திரும்ப நூலாகாது. இதை மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவள் நான்தான். அலிமா எடுத்துப் போட்டுப் பார்த்தாள், அவளுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது. "எனக்கும்மா, எனக்கும்மா" என்று காலைச் சுற்றி வந்தாள். கொடுக்கவில்லை. பெற்ற மகளாக இருந்தால் என்ன, அப்பா எனக்குப் பின்னியது. அழுதாள், அழட்டும். கம்பளிக் குல்லா உருட்டித் தருகிறேன் என்று சமாதானம் செய்தேன்.

அப்புறம் கதவைத் தாழ் போட்டுவிட்டு நான் போட்டுப் பார்த்தேன். கை முழங்கையோடு நின்றுவிட்டது. தோள் இறங்கவே இல்லை. மார்பில் ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது, பார்த்தால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். ஆனால் பொத்தான் மூன்றையும் கழற்றியதும் தலை நுழைந்தது. அவ்வளவு வெந்நீர் ஊற்றி, அவ்வளவு உருட்டியும், கழுத்து என் தொண்டையைத் தொடவில்லை. அரிக்கவில்லை, மூச்சு முட்டவில்லை.

அந்தச் சுருட்டைப் பற்ற வைத்துவிட்டீர்களா? வைத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள், முகர்ந்து கண்டுபிடிக்கிற வேலையை இனிமேல் செய்யமாட்டேன். வைக்கவில்லை என்றால் துய்ஷோ அண்ணனிடமே திருப்பிக் கொடுங்கள். மூட்டையில் நாலு கண்டு சாம்பல் நூல் அனுப்புகிறேன். நானே நூற்றது, எண்ணெய்ப்பசை போக முழங்கைச் சூட்டில் அலசியது. உங்கள் கைக்கு வேலை வேண்டும் இல்லையா?

கடைசியாக ஒன்று. நூல், கண்ணி, கழுத்து, பொத்தான், மீசை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கற்றுக்கொண்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் என்று எழுதவில்லை. நான் ஆறு தடவை படித்துவிட்டேன், அந்தப் பெயர் எங்குமே இல்லை. முதல் நாள் ஊசி பிடிக்கும்போது விரலைப் பிடித்து மடக்கிக் காட்டியிருப்பாளே? பழகாத கைக்கு அப்படித்தான் காட்ட வேண்டும், அது எனக்கும் தெரியும். தப்பாக எதுவும் சொல்லவில்லை. அவள் கற்றுக்கொடுத்திராவிட்டால் எனக்கு இந்தக் கழுத்து கிடைத்திருக்காது, அதற்கு நன்றிகூடச் சொல்வேன். ஆனால் நேரில்தான் சொல்வேன்.

மே கடைசியில் கணவாயில் பனி நன்றாகக் கரைந்ததும் துய்ஷோ அண்ணனின் இரண்டாவது குதிரையில் வருகிறேன். அவரிடம் பேசியாகிவிட்டது, அலிமாவை அத்தை பார்த்துக்கொள்வார். நான் வருகிறவரை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போடுவதா வேண்டாமா என்று அங்கே உட்கார்ந்து பேசுவோம். எனக்கும் ஒரு ஜோடி ஊசி எடுத்து வையுங்கள், நானும் பின்னக் கற்றுக்கொள்கிறேன். நாற்காலி எங்கே போட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். உங்களுக்கும் ஸோயாவுக்கும் நடுவில்.

கனிஷாய்